நாற்பதுக்கு இருபது

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும் நேரமெல்லாம்
பார்ப்பதற்கு அவள்தான் இருக்கிறாள்.
நாற்பதுக்கு இருபது அடி.
வெள்ளைப் புடவை நனைந்து உடம்போடு ஒட்டி,
தலை பின்னால் சாய்ந்து,
வாய் பாதி திறந்து,
யாரோ காதோரம் ஏதோ சொன்ன மாதிரி.
இடுப்புக்குக் கீழே, வலது மூலையில்,
ஒரு தண்ணீர் மோட்டார்.
‘தொட்டதும் பொங்கும்.’

கூட்ஸ் போகிறது. நிலக்கரி, நிலக்கரி, மறுபடி நிலக்கரி.
ஷேர் ஆட்டோவில் முட்டியோடு முட்டி இடித்து ஏழு பேர்.
ஒருத்தராவது மோட்டாரைப் பார்த்து
நான் பார்த்ததில்லை.
ஏழாவது படிக்கிற என் பையன்
அந்த இடம் வந்தால் குனிந்து ஷூ லேஸைச் சரிபார்ப்பான்.
காலில் கிடப்பது ரப்பர் செருப்பு.

எனக்கு வந்த கேள்வி வேறு:
இந்தப் படம் எடுக்க எத்தனை குடம் ஆகியிருக்கும்?
ஒருதரம் ஊற்றி விட்டிருக்க மாட்டார்கள்.
காயக் காய ஊற்றியிருப்பார்கள்.
இருபது குடம் என்றேன்.
‘போக்கா, ஒரு லோடே எறக்கியிருப்பானுங்க’
என்றாள் பிலோமினா.

எங்களுக்கு லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்.
எத்தனை மணிக்கு என்பது லாரிக்கே தெரியாது.
ஓஸ் தெறித்து, இடுப்புக் குடம் தளும்பி
நாலாவது நடையில் என் புடவையும் ஒட்டும்,
அவளுக்கு ஒட்டிய அதே இடங்களில்.
டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் கிளீனர் பையன்
போனைப் பார்க்கிற மாதிரியே எங்களைப் பார்ப்பான்.
ஒருநாள் நாகவல்லி நிமிர்ந்து கேட்டுவிட்டாள்:
‘இன்னாடா, மோட்டார் வோணுமா?’
வரிசை மொத்தமும் சிரித்ததில்
இரண்டு குடம் கவிழ்ந்தது.
கவிழ்ந்ததற்கு அப்புறம்
அரைமணி நேரம் சண்டை.

அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.
ஏசி போட்ட அறையில், பச்சைத் தண்ணீரில்,
பத்து ஆண்கள் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க,
அந்த வாய் திறந்தது
குளிரில்தானோ என்னவோ.

கார்த்திகைக் காற்றில்
தோளிலிருந்து கிழிந்து
இரண்டு நாள் படபடவென்று அடித்துக்கொண்டாள்.
யேசுபாதம் மேலே ஏறிக் கயிறு அறுத்தான்.
அன்றைக்கு ராத்திரியே அங்கே வேறொருத்தி வந்துவிட்டாள்,
கழுத்தில் நகை, முதுகில் எதுவுமில்லை.
பழையவளைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்து
‘பாத்ரூமுக்கு ஆவும்’ என்று போட்டான்.

பாத்ரூம் என்றால்
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நான்கு சவுக்குக் கம்பு,
ஓட்டை விழுந்த தார்ப்பாய்,
கால் வைக்க ஒரு உடைந்த ஸ்லாப்.
நாங்கள் ஒன்பது பெண்கள்
விடிவதற்குள் குளித்துவிடுவோம்.

எந்தப் பக்கம் வெளியே என்பதில் தகராறு.
படம் வெளியே இருந்தால்
கேட்டில் நிற்கிற கூட்டம் இங்கே வந்து நிற்கும்.
உள்ளே இருந்தால்
குளிக்கக் குளிக்க அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.
‘பாக்கட்டுமே’ என்றாள் நாகவல்லி.
‘அவளாண்ட இன்னா இல்லாதது நம்மாண்ட கீது?’

உள்பக்கமாகக் கட்டினோம்.
வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறம்.
உள்ளே ஒரு கம்பில் அவள் கண்,
அடுத்த கம்பில் வாய்,
மோட்டார் தரையோடு போய்விட்டது, அதன்மேல் சோப்பு டப்பா.
‘பொங்கும்’ சேற்றில் மூடிக்கொண்டது.

எனக்கு அரை வாளி.
முதல் சொம்பு ஊற்றும்போது கொஞ்சம் அவள்மேல் தெறிக்கும்.
நாலரை மணி கூட்ஸ் கிளப்பும் காற்றில்
ஃபிளெக்ஸ் உள்பக்கமாக உப்பி
ஜில்லென்று என் முதுகில் ஒட்டும்.
கடைசிப் பெட்டி தாண்டும்வரை
நாங்கள் இரண்டு பேரும்
அசையாமல் நிற்போம்.